தரை தொடும் கருஞ்சிவப்பு

கவுன் கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு விருந்துக்கு எல்லோரும் தரை தொடும் கவுனில்தான் வர வேண்டும், கடையிலிருந்தே ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

பத்தொன்பது வருடமாக அங்கே கவுன்களின் கீழ் விளிம்பை அளந்து மடித்துத் தைப்பவள் அவள். வாயில் எப்போதும் நாலு ஊசி. அதனால் எல்லோருக்கும் அவள் குண்டூசி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

மற்ற பெண்கள் கவுனைத் தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்தார்கள். அவள் உள்பக்கம் புரட்டித் தையல் பார்த்தாள். கடைசியில் ஒரு கருஞ்சிவப்புக் கவுனை எடுத்தாள். உள்ளும் வெளியும் ஒரே சுத்தம். போட்டுக்கொண்டபோது ஒரு சாண் தரையில் புரண்டது.

"உனக்கு அந்தச் சாம்பல் கலர் போதும்டி. உயரமும் சரியா இருக்கு. பின்னாடி மேஜையிலதானே உக்காரப் போற?" என்றார் முதலாளியம்மா.

"இதுதான் வேணும் மேடம்."

"அப்ப நீயே மடிச்சுக்கோ. உனக்குத் தெரியாத வேலையா?"

குனிந்து விளிம்பை மடித்து ஊசி குத்தினாள். நிமிர்ந்தால் முன்பக்கம் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. பின்பக்கம் வாலாகத் தொங்கியது. போட்டிருப்பவளே குனிந்து குத்தினால் இப்படித்தான் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் இன்னொருவரைக் கூப்பிடலாம் என்று தோன்றவே இல்லை. அதுதான் உறுத்தியது.

"பாத்தியா? சாம்பலையே எடுத்துக்கோ, போ."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். வாடிக்கையாளர்கள் நிற்கும் சின்ன மேடையில் ஏறினாள். தினமும் காலையில் அவள் துடைக்கும் மேடை, ஏறி நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் முதலாளியம்மாவின் வகிட்டில் சாயத்துக்கு அடியில் நரை தெரிந்தது. ஊசிகளைச் செருகி வைக்கும் குட்டி மெத்தையை நீட்டினாள்.

"நீங்க குத்துங்க மேடம். இந்தப் பொண்ணுங்களுக்குக் கை வராது. எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான்."

மடித்து வைத்த துணிகளையே பெண்கள் மறுபடி மடிக்கத் தொடங்கினார்கள்.

"எனக்கு முட்டி வலிடி."

"எனக்கும்தான் மேடம்."

அவள் இறங்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து முதலாளியம்மா மெத்தையை வாங்கினார். மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். முதல் ஊசியைக் குத்திவிட்டு, "கீழ பாரு, இந்த நீளம் போதுமா?" என்றார்.

"குனிஞ்சா அளவு தப்பிடும்" என்றாள் அவள், கண்ணாடியை நேராகப் பார்த்தபடி.