பொடிப்பழம்

விழுந்துகொண்டே இருக்கின்றன, சுண்டைக்காய் அளவில், கறுகறுவென்று, பந்தலுக்குக் கீழே விரித்த உரச்சாக்குகளின் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன, நான் ஓடுகிறேன், நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன், செருப்பு ஒன்று வாய்க்கால் சேற்றில் மாட்டிக்கொள்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு போய் நிற்கிறபோதுதான் கத்தரிக்கோல்கள் நிற்கின்றன, எட்டுப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒச்சம்மா மட்டும் சிரிக்கிறாள், என்ன டீச்சரம்மா இப்படி ஓடியாறீக, அம்புட்டும் முடிச்சிட்டோம்ல, நாப்பது கொடியும் வெயிலுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அது மாசி மாதம், இப்போது ஆனி, நான் ஒயின் ஆலையின் ருசி பார்க்கும் அறையில் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன், பதினோரு மணிக்கு முதலாளி மெய்யப்பன் வருவார், இந்த நாற்பது கொடியின் ஒயினைக் குடித்துப் பார்ப்பார், பிடிக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஜேசிபி வந்து நாற்பதையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிடும், அந்த இடத்தில் வெளிநாட்டுக் கொடி வைப்பார்கள், ஒன்பது வருட வேலை ஒரு காலையில் மண்ணாகிவிடும், மணி பத்தேகால்தான் ஆகிறது, வெளியே மலையிலிருந்து இறங்குகிற காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்குகிறது, கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுகிறேன்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திராட்சை விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் வந்தேன், திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு மைக்கும் நிறையத் திமிருமாக வந்து இறங்கினேன், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பன்னீர்த் திராட்சைக் குலையைத் தூக்கிப் பிடித்துப் பேசுவேன், சந்தையில கண்ணுதான் வாங்குது, வாய் அப்புறந்தான், அதனால பொடிசு, அழுகல், வெடிச்சது எல்லாத்தையும் நறுக்கி எடுத்துட்டுத்தான் பெட்டியில அடுக்கணும், கீழே சிந்துனா ஈ வரும், சாக்கை விரிச்சுக்கிட்டு வெட்டுங்க. அப்போது ஒச்சம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, கூட்டத்தில் பின்னால் நின்றவளை முன்னால் கூப்பிட்டுக் கத்தரியைக் கையில் கொடுத்தேன், குலைக்குக் காயம் படாமல் ஒரே ஒரு பழத்தை மட்டும் காம்போடு எடுக்கிற அந்த வித்தை அவள் விரல்களுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது, பாருங்க இப்படித்தான் இருக்கணும் என்று அவள் கையைப் பிடித்து ஊருக்கே காட்டினேன், நான் இந்த ஆலைத் தோட்டத்துக்கு வேலை மாறி வந்த பிறகும், இன்றுவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். யார் தப்பு, சொல்லுங்கள். இந்த மாசியில், ஏழு மணிக்கு வாங்க, நான் வந்து சொல்றபடி பறிக்கணும் என்றுதான் சொல்லியிருந்தேன், இது டீச்சரம்மாவோட சொந்தக் கொடி மாதிரி, கடைசி வருசம் வேற, நம்மளே வெள்ளனப் போயி நல்லாச் செஞ்சு குடுத்துருவோம் என்று ஐந்தரைக்கே வந்துவிட்டார்கள், என் மேல் இருந்த பிரியத்தில் வந்தார்கள், ஒரு பொடிப்பழம் விடாமல் நறுக்கித் தள்ளிவிட்டார்கள், அந்தப் பொடிப்பழத்தில்தான் எல்லாமே இருந்தது.

இந்த நாற்பதுக்கும் தாய்க்கொடியை நான் கண்டுபிடித்ததாக ஆலையில் பெருமையாகச் சொல்வார்கள், நான் மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் அடித்துப் பள்ளத்தாக்கு முழுக்கப் பன்னீர்த் திராட்சை வெடித்துக் கிடந்தது, எங்கே நின்றாலும் காடி வாடை, குளவிக் கூட்டம், சன்னாசி என்கிற விவசாயியின் மோட்டார் ரூமுக்குள் நனைந்து நிற்கிறேன், வாசல் வழியே எட்டிப் பார்த்தால் ஓட்டின் மேல் ஒரு கொடி, கிளை வெட்டிவிடாத, கவாத்தே காணாத கொடி, கத்தையாகப் படர்ந்து கிடக்கிறது, அதில் குலை குலையாகக் காய்த்திருக்கிறது, ஒன்றுகூட வெடிக்கவில்லை. என்ன கொடிண்ணே இது. அதுவா, எவனோ தின்னுட்டுத் துப்புன கொட்டையில மொளைச்சது, ஆடுகூடத் திங்காதும்மா, மோட்டாருக்கு நெழலாக் கெடக்கட்டும்னு விட்டுவச்சிருக்கேன். கையை நீட்டி ஒன்று பறித்து வாயில் போட்டேன், ஒரே குலையில் பெரிய பழமும் பொடிப்பழமுமாகக் கலந்து இருந்தது, பெரியதில் சாறு, சாதாரணமாக இருந்தது, பொடியதைக் கடித்தபோது தோல் தடிமனாக நாக்கைப் பிடித்து இழுத்தது, புளித்தது, துவர்த்தது, எல்லாம் அடங்கினபிறகு மெதுவாக, மூக்கு வழியாகப் பன்னீர் வாசனை வந்தது, மழை விட்டு வெகு நேரம் ஆகியும் நான் அங்கேயே நின்று பறித்துத் தின்றுகொண்டிருந்தேன், சன்னாசியண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் வெயிலில் பழம் இனிக்க இனிக்கப் புளிப்பு ஓடிப்போய்விடும், புளிப்பு இல்லாத பழத்தில் ஒயின் போட்டால் சர்பத்துதான் வரும், அதற்காகத்தான் மெய்யப்பன் இரண்டு ஏக்கரில் வெளிநாட்டுக் கொடி வைத்திருந்தார், குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிப் பழகிய கொடிகள் அவை, இங்கே ஏது குளிர்காலம், தூங்கத் தெரியாமல் வருடம் முழுக்க முழித்தே கிடந்தன, துளிர்விட்டன, சாம்பல் நோய் வந்தது, மருந்தடித்தோம், மறுபடி துளிர்விட்டன, அந்தக் கொடிகளுக்கு நடுவே நடக்கிறபோதெல்லாம் எனக்கு என்னைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். மோட்டார் ரூம் கொடியிலிருந்து குச்சி வெட்டிக்கொண்டு வந்து, சார் ஒரு வரிசை மட்டும் குடுங்க என்று மெய்யப்பனிடம் கெஞ்சினேன், மரியாதையான மனிதர், சிரித்தார், கொட்டையில முளைச்சதாம்மா என்றார், கொடுத்தார். முதல் காய்ப்புக்கே மூன்று வருடம், அடுத்து ஒரு வருடம் காற்று பந்தலைச் சாய்த்தது, ஒரு வருடம் ஊரே பூட்டிக் கிடந்தது, ஒரு வருடம் கவாத்தைத் தள்ளிப் போட்டு நானே கெடுத்தேன், வருகிற காய்ப்பெல்லாம் ஒரு பானைக்குக் காணாது, ஒன்பதாவது வருடம்தான் நாற்பது கொடியும் சேர்ந்து ஒழுங்காகக் காய்த்தது, இந்த மாசிதாம்மா கடைசி, இதுக்குமேல என்னால இடத்தைச் சும்மா போட்டு வைக்க முடியாது என்றார் அவர், எனக்கும் ஆவணியோடு ஓய்வு, அதற்குமேல் என்னாலும் கேட்க முடியாது.

ஆகவே அந்த மாசிக் காலையில் சேற்றுக்காலோடு நிற்கிறேன், கொடியில் ஒன்றும் இல்லை, அவர்கள் கையில் இருந்ததுதான் கடைசிக் குலை, மற்ற பெரிய பழங்களைப் பெட்டியில் அடுக்கி டிராக்டர் அப்போதே ஆலைக்குக் கிளம்பிப் போய்விட்டது, நான் போய்ச் சேர்வதற்குள் அரைத்துத் தொட்டியில் விட்டாகிவிட்டது, போவதற்கு முன்னால் ஒச்சம்மாவைத் திட்டினேன், என்ன திட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவளை வாடி போடி என்று பேசியதில்லை, அன்றைக்குப் பேசினேன், அவள் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான டீச்சரம்மா என்றாள், குரல் உயரவில்லை. சாக்குகளில் கிடந்த பொடிப்பழத்தில் இலையும் அழுகலும் பச்சைக்காயும் கலந்து கிடந்தன, எட்டுப் பெண்களும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார்கள், இரண்டு நாள் பொறுக்கினார்கள், அதற்குள் தொட்டி புளித்துப் பொங்க ஆரம்பித்துவிட்டது, சாக்கில் கிடந்ததைக் கொதிக்கிற தொட்டியில் கொட்டி இருப்பதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயம், தனியாக நசுக்கிக் கண்ணாடி ஜாடிகளில் புளிக்கப் போட்டு ஒரு மூலையில் வைத்தேன். கழித்தது கழித்ததுதான், திரும்பப் பெட்டியில் போடாதே என்று எத்தனை ஊரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்தப் பேச்சு எனக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது போல, நான்கு மாதமும் அந்த ஜாடிகளைக் குப்பையாகவே பார்த்தேன், ஒரு தடவை நாக்கில் விட்டுப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு கசப்பு.

கார் சத்தம், மெய்யப்பன் வந்துவிட்டார், சரியாகப் பதினோரு மணி, அவருக்குப் பின்னாலேயே ஒச்சம்மாவும் வாசலில் வந்து நிற்கிறாள், களைவெட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், நீ எதுக்கு இங்க வந்த என்று நான் கேட்பதற்குள், வெட்டுனது நான் சார், டீச்சரம்மா மேல ஒண்ணும் இல்ல, அதைச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன் என்கிறாள். உள்ள வாங்கம்மா என்கிறார் அவர். தொட்டி ஒயினை ஊற்றுகிறேன், சாதாரணமாக அவர் நாலு விதம் ஐந்து விதம் குடித்துப் பார்ப்பவர், வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிற வாளியில் துப்பிவிடுவார், சுழற்றினார், துப்பினார். தண்ணியா இருக்கேம்மா. தெரியும் சார். பன்னீரே இதைவிடத் தேவலையே. தெரியும் சார், பொடிப்பழம் இதுல இல்ல. அது எங்க. ஜாடியைக் காட்டினேன், ஊற்றும்போதே மை மாதிரி கறுப்பாக இறங்கியது, வாயில் வைத்தார், முகம் கோணிவிட்டது, வாளியை இரண்டு கையாலும் பிடித்துத் துப்பினார், வேப்பம்பட்டைய இடிச்சு ஊத்துனாப்ல இருக்கு என்றார், பிறகு ரொம்ப மெதுவாக, நீங்க உழைச்சது எனக்குத் தெரியாம இல்லம்மா, என்ன பண்றது, திங்கக்கெழமை வண்டிக்குச் சொல்லிர்றேன் என்று போனை எடுத்தார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, என் வாய் மேல்தான், ஊர் ஊராகப் போய் மைக் பிடித்துப் பேசிய அந்த வாயைத்தான் அறைய வேண்டும் போல இருந்தது.

ஏன் டீச்சரம்மா, என்கிறாள் ஒச்சம்மா, அதும் இதும் ஒரே கொலையில கெடந்ததுதான, சேத்து ஊத்துனா என்ன. நான் திரும்பிப் பார்த்தேன், கழிச்சதைப் போயி எப்படித் திரும்ப, என்று ஆரம்பித்துவிட்டேன், உண்மையாகவே ஆரம்பித்துவிட்டேன், பாதியில் என் காதிலேயே அது விழுந்தது, நிறுத்திக்கொண்டேன். மெய்யப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். எவ்வளவுக்கு எவ்வளவும்மா ஊத்தணும். ரெண்டு பெட்டிக்கு ஒரு சாக்கு வந்துச்சு சார், நாந்தான வெட்டுனேன். என் கையிலிருந்து தம்ளரை அவளே வாங்கிக்கொண்டாள், தொட்டி ஒயின் இரண்டு, ஜாடி ஒயின் ஒன்று, குழம்புக்குப் புளிக்கரைசல் விடுகிற மாதிரிக் கண்ணாலேயே அளந்து ஊற்றி, தம்ளரை லேசாக ஆட்டி, அவர் முன்னால் வைத்தாள். அவர் எடுத்து மோந்து பார்த்தார், இன்னொரு தடவை மோந்தார், வாயில் வைத்துச் சுழற்றினார், நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதோ குனியப்போகிறார், இதோ, அவர் குனியவில்லை, தொண்டைக்குழி ஏறி இறங்கியது, விழுங்கிவிட்டார், இரண்டாவது வாயும் குடித்தார், பிறகு தம்ளரை என் பக்கம் தள்ளினார், நானும் ஒரு வாய் குடித்தேன், மோட்டார் ரூமில் மழையில் நின்று தின்றது அப்படியே வந்தது, புளிப்பு, துவர்ப்பு, எல்லாம் அடங்கினபிறகு அந்த வாசனை, நான் ஒச்சம்மாவிடம் நீட்டினேன், அய்யய்யே எனக்கெதுக்கு என்றவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாய் குடித்தாள், என்னமோ கசக்குது, ஆனா நம்ம பழந்தேன், நல்லாத் தெரியுதே என்றாள்.

நாப்பது கொடியில நடுறதுக்கு எத்தனை குச்சி எடுக்கலாம் என்று கேட்டார் மெய்யப்பன், எனக்குத் தெரியும், மனப்பாடமாகத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள், கொடிக்கு அம்பது தேறும் சார் என்று ஒச்சம்மா சொல்லிவிட்டாள். அப்ப ரெண்டாயிரம், நாளைக்கே வெட்டலாமா. என்ன சார் நீங்க, ஆனிக் காத்துல வெட்டுனா காஞ்சு கருவாடாப் போகும், ஐப்பசி கவாத்துலதான் எடுக்கணும், நாங்க எட்டுப் பேரும் இருக்கோம், எடுத்துத் தாறோம், அவசரப்படாதீக. சரி ஐப்பசி என்று அவர் காலண்டரைப் புரட்டிக் குறித்துக்கொண்டார், புரட்டும்போது ஆவணி ஏடு கடந்து போனதை நான் பார்த்தேன், ஐப்பசியில் நான் இங்கே இல்லை, திண்டுக்கல்லில் என் தம்பி வீட்டு மாடி அறையில் இருப்பேன், குச்சி வெட்டுகிற அன்றைக்கு ஒச்சம்மா போன் பண்ணுவாள், பண்ணாமலும் இருக்கலாம், வேலை மும்முரத்தில் எவருக்கு ஞாபகம் இருக்கும். என்னங்க டீச்சரம்மா, இதுக்குப் போயி அழுவுறீக என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள், நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள், அதில் பாதிதான் சரி.