மர்ரேயின் அலமாரித் தேயிலை

எங்கள் வீட்டு நிலவறையில் ஓடாத ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. அதற்குள் என் வீட்டுக்காரர் வெண்டலின் நாற்பது பூ-எர் வட்டுகள். பூ-எர் என்றால் சீனத்துத் தேயிலை. வறட்டி மாதிரி தட்டி வைத்திருப்பார்கள், வைக்க வைக்க ருசி கூடுமாம். கனடாவில், இந்தக் கால்கரி குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி நம் உதடே வெடிக்கிறது, தேயிலை என்ன ஆகும்? அதனால் ஃப்ரிட்ஜுக்குள் ஈர உப்புக் கிண்ணமும் ஈரப்பதம் காட்டும் கருவியும் வைத்துத் தினமும் எட்டிப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும். ஆகவே இருபது வருடமாக எங்கள் வீட்டில் மீன் வறுக்கக் கூடாது, மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, நான் செண்ட் போடக் கூடாது. முன்பெல்லாம் லைலாக் பூ வாசனை செண்ட் போடுவேன். அந்தச் சீசாவை எப்போது தூக்கிப் போட்டேன் என்பதே மறந்துவிட்டது.

மர்ரே, வெண்டலோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். இருபது வருடத்துக்கு முன் இருவரும் ஒரே கட்டாக வந்த தேயிலையில் ஆளுக்கொரு வட்டு வாங்கினார்கள். மர்ரே தன்னுடையதைத் துணி அலமாரியில் போட்டுவைத்தார். "சீனாவுல இத ஃப்ரிட்ஜுலயா வெக்கறாங்க?" என்று கேலி வேறு. இருபது வருடம் கழித்து இரண்டையும் குடித்துப் பார்ப்பது, தோற்றவன் தன் வட்டை ஜெயித்தவனிடம் கொடுத்துவிடுவது என்று பந்தயம்.

போன வசந்தத்தில் மர்ரேயின் மனைவி வெர்னா இறந்தாள். பந்தயத்தை விட்டுவிடச் சொன்னேன். மர்ரேதான் கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பூட்ஸ் முழுக்கப் பனியோடு வட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெண்டலின் தேநீர் கறுத்துச் சிவந்து, தொண்டையில் இனிப்பாக இறங்கியது. அடுத்து மர்ரேயுடையது. வெண்டல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது டீயாடா, முகப் பவுடரா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லாவண்டர். வெர்னா அந்த அலமாரியில் தன் துணிகளுக்கு நடுவில் காய்ந்த லாவண்டர் பூ அடைத்த பை வைப்பாள். சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வாசனைதான் வரும்.

மர்ரே கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அவ துணியெல்லாம் ஜூன்லயே மக எடுத்துத் தானமா குடுத்துட்டா. வீட்ல வேற எங்கயும் இந்த வாசம் இல்ல வெண்டல். தேடிப் பாத்துட்டேன்."

பிறகு வட்டை நகர்த்தினார். "பந்தயம் பந்தயம்தான். எடுத்துக்க." கை மட்டும் வட்டைச் சுற்றியிருந்த காகிதத்தை விடவில்லை.

என் வீட்டுக்காரர் பந்தயத்தில் பெற்ற பிள்ளைக்கே விட்டுக்கொடுக்காதவர். இன்று மட்டும் வாங்கட்டும், ஃப்ரிட்ஜோடு சேர்த்து அவரையும் வெளியே தள்ளுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"இத என் ஃப்ரிட்ஜுல வெச்சா நாப்பதும் நாசமாயிடும். நீயே தூக்கிட்டுப் போ," என்றார் வெண்டல்.

அதோடு விடாமல் கீழே போய், இறுக்கமான மூடி போட்ட தகர டப்பா ஒன்றை எடுத்து வந்தார். அலமாரியில் கிடந்தால் நம் ஊர்க் காற்று வாசனையை உறிஞ்சிவிடும், இதற்குள் வை, வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் திறக்காதே என்றார். இருபது வருடம் வாசனையை விரட்டிய மனுஷன்.

"எத்தன வருஷம் தாங்கும்?" என்று மர்ரே கேட்டார்.

"உன்னவிட அதிகமாவே தாங்கும்."

மர்ரே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. நானும் அழுதேன்.

மறுநாள் காலை என் துணி அலமாரியைத் திறந்தேன். ஸ்வெட்டர்களுக்கு நடுவே ஒரு தேயிலை வட்டு இருந்தது. ஓரம் உடைந்திருந்தது, பந்தயத்தில் ஜெயித்த அதே வட்டு. என்ன இது என்று வெண்டலிடம் கேட்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கட்டும் மார்லிஸ். நீ லைலாக் செண்ட் ஒண்ணு போடுவியே, அது இன்னும் கடையில கெடைக்குதா?"

அன்று மத்தியானமே கடைக்குப் போனோம்.