கழுவிப் போன ருசி

டென்சில் கோப்புக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. ஊர் நீச்சல் குளத்தில் தண்ணீரை வடிகட்டும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. பகல் முழுக்க ஊராரின் தலைமுடியையும் உரிந்து மிதக்கும் பிளாஸ்திரியையும் வாரிப் போட்டுவிட்டு வந்தாலும், வீட்டில் டோஸ்டரைக் கவிழ்த்துத் துகளைத் தட்டினால்தான் அவனுக்கு டீ உள்ளே இறங்கும். மனைவி ரோனா நேர் எதிர். இங்கிலாந்தின் கிளீத்தோர்ப்ஸ் கடற்கரையில் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கும் கடையில் வேலை. கடைப் பிசுக்கோடு வந்து அப்படியே சோபாவில் சாய்ந்துவிடுவாள். "துடைச்சா மட்டும் நாளைக்குப் பிசுக்கு வராதா?" என்பாள். இத்தனைக்கும் இருவரும் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தார்கள். இடையில் உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: ரோனா புகை இழுக்கும் வேப், அதாவது மின் சிகரெட்.

ஒரு காலத்தில் அவள் சிகரெட்டாக ஊதித் தள்ளியவள். டாக்டர் சொல்லியும் விடவில்லை, டென்சில் கெஞ்சியும் விடவில்லை. ஒரு நாள், சீட்டில் எண்கள் நிரம்பியதும் முதலில் கத்துபவருக்குப் பரிசு தரும் பிங்கோ ஆட்டத்தில், தன் கடைசி எண்ணைக் கூப்பிட்ட நேரம் பார்த்து இருமல் வந்து, வாய் திறக்க முடியாமல், பரிசு பக்கத்து மேசைக்குப் போனது. அன்றே சிகரெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இந்த ஊதா நிற வேப்பை வாங்கினாள். குட்டையாக, கைக்கு அடக்கமாக இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அது தண்ணீரையே பார்த்ததில்லை. ஒரு ருசித் திரவம் தீரப்போனால் மிச்சத்தின் மேலேயே வேறொரு ருசியை ஊற்றுவாள். திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் காயில் என்கிற பஞ்சு சுற்றிய கம்பிச்சுருள் கருகி, புகை தொண்டையைக் கிழித்தால்தான் மனசே இல்லாமல் அதை மாற்றுவாள். இழுக்கும்போது வேப் களகளவென்று சத்தம் போடும். அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று டென்சிலுக்கு அதை வைத்தே தெரிந்துவிடும். ஒழுகல் வேறு. கைப்பையில் பஸ் பாஸும் லிப்ஸ்டிக்கும் சீப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பொருளாக வெளியே வரும்.

ஒரு சனிக்கிழமை காலை அவசரத்தில், சார்ஜில் போட்ட வேப்பை மேசை மேலேயே விட்டுவிட்டு ரோனா வேலைக்குப் போய்விட்டாள். டென்சில் அதன் எதிரே உட்கார்ந்து டீ குடித்தான். திரவம் நிற்கும் கண்ணாடி டேங்கின் உள்விளிம்பில் பழுப்பாக ஒரு வட்டம் கட்டியிருந்தது. வாய் வைக்கும் முனையில் பஞ்சுத் துணுக்கு, ஏதோ ஒரு முடி. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தான். கண் மறுபடி அங்கேதான் போனது.

"அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான்.

சார்ஜ் கம்பியைப் பிடுங்கினான். கையுறை மாட்டிக்கொண்டு டேங்கைத் திருகிக் கழற்றினான். பேட்டரி உள்ள அடிப்பகுதியில் ஈரம் படக்கூடாது என்பது தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் அதன் வாயை மட்டும் துடைத்தான். குச்சி தார் தொட்டதுபோல் வந்தது. டேங்கில் இருந்த பழைய திரவத்தைக் காகிதத் துண்டில் ஒற்றி எடுத்தான். காயிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான். கண்ணாடி, முனை, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஊறப் போட்டான். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினான். பழைய பல் பிரஷ்ஷால் மரையெல்லாம் தேய்த்து, அலசி, வெள்ளைத் துண்டை விரித்து ஒவ்வொன்றாக உலர வைத்தான். வளையங்களை இடம் பார்த்து மாட்டினான். இழுப்பறையில் கிடந்த புதுக் காயிலின் பஞ்சில் பாட்டிலில் இருந்த ஸ்ட்ராபெரி திரவத்தை நாலைந்து சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பஞ்சு நன்றாக ஊறும்வரை காத்திருந்தான். முடித்துப் பார்த்தால் கண்ணாடி நகைக்கடை விளக்குக்கு அடியில் வைத்ததுபோல் மின்னியது.

சாயங்காலம் ரோனா உள்ளே வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், வேப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். சத்தமே இல்லை. புகையை விட்டுவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு தொட்டது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

"இதுல ஒண்ணுமே இல்லையே!"

"ஸ்ட்ராபெரி இருக்கே."

"இதுவா ஸ்ட்ராபெரி?"

"பாட்டில்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"என் ஸ்ட்ராபெரி இப்படியா இருக்கும், படுபாவி! அதுல லேசா ஒரு கருகல் இருக்கும், அடியில ஒரு காபி இருக்கும், கிறிஸ்துமஸுக்குப் போட்ட லவங்கப்பட்டை நடுவுல எட்டிப் பார்க்கும். எல்லாத்தையும் கழுவி ஊத்திட்டியே!"

"அதுக்குப் பேரு அழுக்கு, ரோனா."

"அதுக்குப் பேரு ருசிடா!"

பழகிய தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்த மருமகளைப் பார்க்கும் மாமியார்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டாள். அன்று அவள் கடையிலிருந்து கொண்டுவந்த சிப்ஸில் டென்சிலின் பங்குக்கு மட்டும் கண்ணில் நீர் வரும் அளவுக்கு வினிகர் விழுந்திருந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றான்.

நாட்கள் ஓடின. ரோனா பேசாமல் இல்லை. பேசினாள், ஆனால் "குப்பைத் தொட்டியை வெளியே வை" என்கிற வகைப் பேச்சு. களகளச் சத்தமும் இல்லாததால் அவள் மாடியில் இருக்கிறாளா, தோட்டத்தில் இருக்கிறாளா என்றே அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் என்னவோ குறைந்துபோனது போலிருந்தது. தாங்க முடியாமல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வேப் கடைக்குப் போனான். கடைக்காரன் இர்வின் தாடியும் தொப்பையுமாக இருந்தான்.

"என்ன வேணும் அண்ணே?"

"சுத்தமா இருக்கிற ஒண்ணு பழையபடி அழுக்காகணும். அதுக்கு ஏதாவது இருக்கா?"

இர்வின் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சுத்தம் பண்ண வழி கேட்டுத்தான் எல்லாரும் வருவாங்க."

டென்சில் கதையைச் சொன்னான். இர்வின் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணே, அது கடையில கிடைக்காது. வளர்த்து எடுக்கணும். உங்க வீட்டம்மா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

டென்சில் விடுவதாக இல்லை. காபியில் ஒன்று, லவங்கப்பட்டையில் ஒன்று, எரித்த சர்க்கரையில் ஒன்று என்று சின்னப் பாட்டில்களாக வாங்கி வந்து, ஸ்ட்ராபெரியோடு மருந்து கலக்குவதுபோல் கலந்தான். அன்று மாலை டேங்கில் ஊற்றி ரோனாவிடம் நீட்டினான்.

"பழைய ருசி. ஏறக்குறைய."

அவள் நம்பாமல் வாங்கி இழுத்தாள். கண் விரிந்தது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் புகை ஒரே நேரத்தில் வந்தது. இருமி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டென்சில், கேக் கடையும் செருப்புக் கடையும் சேர்ந்து தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

"அவ்வளவு மோசமா?"

"நீயே மோந்து பாரு!"

அவன் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்த சுளிப்பில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வாரம் முழுக்க அடைத்து வைத்திருந்த சிரிப்பு அது. அவனும் சேர்ந்துகொண்டான்.

"சரி, இதைக் கழுவித் தொலை," என்றாள் கண்ணைத் துடைத்தபடி.

"மாட்டேன். உன் வேப். நீயே கழுவு."

"திமிரைப் பாரு! கழுவறேன். என்ன பெரிய வித்தை?"

கழுவினாள். நடுவில் அவன் இரண்டு தடவை வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மாட்டும்போது அடி வளையத்தை மறந்துவிட்டாள். நிரப்பிய ஸ்ட்ராபெரி அத்தனையும் அவன் இஸ்திரி போட்டு விரித்திருந்த மேசைவிரிப்பில் இறங்கியது. கறை பரவுவதைப் பார்த்துக்கொண்டே டென்சில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான்.

"சொல்லேன்," என்றாள் ரோனா. "சொல்லலேன்னா நீ வெடிச்சிடுவ."

"வளையம்," என்றான், மூச்சை விட்டு.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இறைச்சி வேகும் நேரத்தில் ரோனா வேப்பைக் கழற்றி மேசையில் பரப்புவாள். ஸ்ட்ராபெரி ஸ்ட்ராபெரியாகவே இருப்பதும் ஒன்றும் கெட்டுப்போன விஷயமில்லை என்று மெல்ல ஒத்துக்கொண்டாள். பையிலிருந்து சீப்பு தனியாக, பஸ் பாஸ் தனியாக வந்தன.

அப்படி ஒரு ஞாயிறு அவள் அக்கா மேக்சின் சாப்பாட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றும் முன்பே பையிலிருந்து தன் வேப்பை எடுத்தாள். அது சாக்கடை அடைத்ததுபோல் கொடகொடத்தது. ஒரு பழுப்புச் சொட்டு அவள் பாவாடையில் விழுந்தது. ரோனாவின் முகம் மாறியது.

"குடு அதை."

"எதுக்குடி?"

"குடுன்னா குடு. எப்பக் கழுவின?"

"இதையெல்லாம் கழுவுவாங்களா?"

ரோனா பிடுங்கிக்கொண்டு சிங்க்குக்குப் போனாள். டென்சில் கையுறையோடு பின்னாலேயே வந்தான். கெட்டிலிலிருந்து அப்படியே கொதிநீரை ஊற்றலாம் என்றாள் அவள். கண்ணாடி விரிசல் விடும், வெதுவெதுப்பு போதும் என்றான் அவன். இருவரும் முழங்கையால் இடித்துக்கொண்டே தேய்த்தார்கள், அலசினார்கள், உலர்த்தினார்கள், ரோனாவிடம் இருந்த புதுக் காயிலைப் போட்டுத் திரவம் நிரப்பினார்கள். அதற்குள் மேக்சின் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பாதிக்கு மேல் காலி செய்திருந்தாள்.

ரோனா பளபளக்கும் வேப்பை அவள் கையில் வைத்தாள். கணவனும் மனைவியும் மேசையோரம் நின்று அவள் வாயையே பார்த்தார்கள்.

மேக்சின் நீளமாக இழுத்து, நிதானமாக விட்டாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் ரோனா.

"எப்பவும் போலத்தான் இருக்கு."

"எப்பவும் போலவா? வித்தியாசமே தெரியலையா?"

"என்னடி வித்தியாசம்? புகை புகைதானே. அந்தக் கிரேவியை இப்படித் தள்ளு."

ரோனா டென்சிலைப் பார்த்தாள். "என் அக்காவுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள். டென்சிலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையுறையைக் கழற்ற முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டபடி மேக்சின் எட்டிக் கிரேவியைத் தானே எடுத்துக்கொண்டாள்.