கீழ்வீட்டில் கொஞ்ச நேரம்

நாடா மறுபடியும் நழுவியது.

"நல்லாப் புடிடா சுவக்கின். ரெண்டு பெருவிரலையும் சேத்துப் புடி, நான் முடிச்சுப் போட்டுர்றேன்" என்றாள் திரேசா சித்தி.

சுவக்கின் குனிந்து தங்கையின் கால்விரல்களைச் சேர்த்துப் பிடித்தான். பிடித்திருக்கும்வரை சேர்ந்திருந்தன. கையை எடுத்ததும் இரண்டு பாதங்களும் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக விலகிக்கொண்டன. வெள்ளை நாடா தளர்ந்து தொங்கியது.

சவம் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து பெட்டியோடு வந்திருந்த மூக்கையா எட்டிப் பார்த்தான்.

"அங்கயே கட்டிப் பாத்தோம்ங்க, நிக்கல. உள்ளங்காலெல்லாம் காய்ச்சுப்போய்க் கெடக்கு. மிஸ்ஸு டீச்சர்தானே? ஓட்டப் பந்தயம் கீது ஓடுவாங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படிங்க காலு மட்டும் இப்படி..."

"நீ போய் மாலையை எடுத்து வை, மூக்கையா. பொணத்துக்கிட்ட நின்னு பேட்டியா எடுக்கிற?" என்று சித்தி விரட்டினாள். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "நானும் நேத்துலருந்து கேக்குறேன், நீ வாயே தொறக்க மாட்டேங்குற. ஸ்கூல் விட்டா நேரா வீட்டுக்கு வர்ற புள்ள. அந்த மழையில கோயில் ஹோலுக்கு எதுக்குடா போனா?"

"தெரியல சித்தி."

பொய். இந்த அம்பிட்டிய வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

மரியகொறற்றி ஆங்கில ஆசிரியை. வயது முப்பத்தாறு. முந்தாநாள் பின்னேரம், பங்குக் கோயில் மண்டபத்துக்கு ஏறும் கருங்கல் படியில், பாசியில் கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவளோடு கிடந்த பையைப் பொலிஸ்காரர் சுவக்கினிடம் கொடுத்தபோது, உள்ளே பார்த்துவிட்டு விசித்திரமாக ஒரு பார்வை பார்த்தார். ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. அடியில், முன்னுக்கும் குதியிலும், பிஸ்கட் டின்னை வெட்டி ஆணி அடித்திருந்தது.

"இது என்ன?"

"டான்ஸ் சப்பாத்து, சேர்."

"ஆர் ஆடுறது?"

"தங்கச்சி."

பொலிஸ்காரர் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினார்.

அயர்லாந்து நாட்டு ஆட்டம். பள்ளிக்கூடத்து ஆங்கில தின விழாவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று இன்டர்நெட்டில் தேடப்போய் அகப்பட்டது. அங்கே ஓர் ஊரில் நோரா என்று ஒரு டீச்சர். பாடத்தைப் படம்பிடித்துப் போடுவாள். பார்த்து ஆடி, அதைப் படம்பிடித்து அனுப்பினால் பிழை திருத்தி எழுதுவாள். கொறற்றி சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கினாள். ஒரு சின்னப் பாடம் இறங்கி முடிய ஒரு பின்னேரம் போய்விடும். அதுவரை அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பாள், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

"கையை ரெண்டு பக்கமும் ஒட்டி வச்சிட்டு காலை மட்டும் ஒதறுறியே, இதுக்குப் பேரு டான்ஸா?" என்று சுவக்கின் ஒருநாள் கேட்டான்.

"நமக்கு ஏத்த டான்ஸ் இதுதான்ணே. ஜன்னல்ல யாராச்சும் பாத்தாக்கூடச் சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும்."

அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றது கீழ்வீட்டு மகன் நிலந்த திரும்பி வந்த பிறகு.

வீடு குணவதி நோனா என்ற சிங்கள அம்மாவுடையது. அவள் கீழே. சுவக்கினும் தங்கையும் மேல்மாடியில் வாடகைக்கு. பழைய காலத்து வீடு. மேல்தளம் பலகை. குணவதியின் ஒரே மகன் நிலந்த பட்டாளத்தில் இருந்தான். மன்னார்ப் பக்கம் சண்டை மும்முரமாக நடந்த வருஷம் அது. மிதிவெடி. முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லாமல் அவனைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கொறற்றி ஆடுகிற அறைக்கு நேர் கீழே அவனுடைய கட்டில்.

ஒருநாள் கொறற்றி ஆடிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது.

டக். டக், டக்.

ஊன்றுகோலால் பலகையில் இடிக்கும் சத்தம். சுவக்கின் எழும்பிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். எண்பத்து மூன்று கலவரத்தில் வத்தேகமயில் அப்பாவின் கடைக் கதவை இப்படித்தான் தட்டினார்கள். முதலில் மெதுவாக. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மளிகைச் சாமான் எரியும் வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

"நிப்பாட்டு கொறற்றி."

"அண்ணே, அவரு கோவத்துல தட்டல. கேட்டுப் பாருங்களேன். நான் நிப்பாட்டுற எடத்துல அவரும் நிப்பாட்டுறாரு. தாளத்துக்குத்தான் தட்டுறாரு."

"தாளமா? பட்டாளத்துக்காரன் ஒனக்குத் தாளம் போடுறானா? அவன் காலு போய்க் கெடக்கான், நீ அவன் தலைக்கு மேல நின்னு காலாட்டுற! நாளைக்கு அந்தப் பொம்பளை வீட்டை விடுன்னா எங்க போறது? தமிழாளுன்னா எவன் வீடு தர்றான் இப்ப?"

"இந்த ஒரு பாட்டை மட்டும் ஆடிப் படம்பிடிச்சு அனுப்பிட்டா நோரா டீச்சர் அடுத்த வகுப்புல சேத்துக்குவாங்கண்ணே. சப்பாத்துச் சத்தம் கேட்டாத்தான் மார்க்கு..."

"எங்கயாச்சும் போய் ஆடு. இந்த வீட்டுல வேணாம்."

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். அடுத்த வாரம் பங்குச் சுவாமியிடம் மண்டபத்துச் சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதுவும் சுவாமி சொல்லித்தான் நேற்று அவனுக்குத் தெரிந்தது.

கடைசியில் சித்தி நாடாவை ஊசி நூலால் காலுறையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் செபமாலை தொடங்கினார்கள். சுவக்கின் வாசலுக்கு வந்து நின்றான். ரோட்டில் வெள்ளைக் கொடி கட்டியாகிவிட்டது. அயலில் இருந்த சிங்களப் பையன்கள் ஏறிக் கட்டியது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

குணவதி நோனா படியேறி வந்தாள். வெள்ளைச் சேலை. கையில் தேத்தண்ணித் தட்டம். அதைக் கதிரையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"மாத்தயா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றாள் சிங்களத்தில்.

வீட்டை விடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தான் சுவக்கின். சாவு வீட்டிலா? அவனுக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "சொல்லுங்க நோனா" என்றான்.

"மகனுக்கு மிஸ்ஸைக் கும்பிட்டு அனுப்பணுமாம். அவனால படி ஏற முடியாது. கீழ எறக்கும்போது எங்க வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் வைக்கலாமா?"

தன் வீட்டுக்குள் அடுத்த வீட்டுப் பிணத்தை எந்தத் தாய் கேட்டு வாங்குவாள்?

"உங்க மகனுக்கு எங்க மேல கோவம்னு நினைச்சேன்."

"கோவமா? யார் சொன்னது?"

"மேல சத்தம் கேட்டா ஊன்றுகோலால இடிப்பாரே."

குணவதி அவனையே பார்த்தாள். "ஐயோ மாத்தயா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து சுவரைப் பாத்துக்கிட்டே கெடந்தான். வாய் தொறந்து ஒரு வார்த்தை இல்ல. மேல அந்தச் சத்தம் கேட்ட அன்னிக்குத்தான் முதல்முதலா எழும்பி உக்காந்தான். அதோட சேத்துத் தட்டுவான். அவன் பிந்தினா மிஸ் திரும்ப முதல்ல இருந்து ஆடுவாங்க. அப்புறம் திடீர்னு நின்னுபோச்சு. இவன் தட்டினது உங்களுக்குப் பிடிக்கல, பயந்துட்டீங்க போலன்னு நான்தான் அவனைத் திட்டினேன். ஊன்றுகோலையும் எடுத்து ஒளிச்சு வச்சேன்."

உள்ளே பெண்கள் செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கினார்கள். சுவக்கின் தேத்தண்ணியை எடுத்தான். குடிக்காமல் திரும்ப வைத்தான்.

"வைக்கலாம் நோனா" என்றான்.

சுவாமி வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். மூடியை மூடினார்கள். தூக்கும்போது விஷயம் தெரிந்து சித்தி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒனக்குப் பைத்தியமாடா? அடுத்தவங்க வீட்டுக்குள்ள பெட்டியக் கொண்டுபோறதாவது! அவங்கதான் கேட்டாங்கன்னா நமக்குப் புத்தி வேணாம்?"

"வழியில எறக்கக் கூடாதும்பாங்கய்யா" என்றான் மூக்கையாவும்.

"கொஞ்ச நேரந்தான் சித்தி."

"எதுக்குன்னு சொல்லேன்!"

சொல்ல வேண்டுமானால் முழுவதையும் சொல்ல வேண்டும். அவன் பெட்டியின் முன்பக்கக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான்.

நிலந்தவின் அறையில் இரண்டு கதிரைகள் எதிரெதிராகத் தயாராக இருந்தன. அவற்றின் மேல் பெட்டியை வைத்தார்கள். தூக்கியவர்கள் வெளியே போய் ஒதுங்கி நின்றார்கள். நிலந்த கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஈரத் தலை. களிசானின் வலது கால்பகுதியை மடித்து ஊசி குத்தியிருந்தது. இத்தனை மாதத்தில் சுவக்கின் அவன் முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தான் மனதில் வைத்திருந்த முகம் இது இல்லை.

நிலந்த கைகூப்பினான். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். பிறகு பெட்டியைப் பார்த்தபடியே சிங்களத்தில் கேட்டான்.

"அண்ணா, மிஸ் ஏன் நிப்பாட்டினாங்க? நான் தட்டினதாலயா?"

"இல்ல."

"அம்மா அப்படித்தான் சொன்னா."

"உங்களால இல்ல தம்பி."

"அப்ப ஏன்?"

வெளியே வேன்காரன் ஹோர்ன் அடித்தான். சுவக்கின் வாயைத் திறந்தான். வாசலில் குணவதி நோனா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சித்தி, தலையில் முக்காட்டோடு. எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மேலே பலகை அதிர்ந்தது.

பெட்டி வெளியேறிவிட்டதால் பெண்கள் வீட்டைக் கூட்டிக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். கதிரைகளை இழுத்து அடுக்கினார்கள். யாரோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்தார்கள். ஒவ்வொரு அடியும் கீழே இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் என்று சுவக்கினுக்குத் தெரியாது.

நிலந்த சட்டென்று தலையை நிமிர்த்திக் கேட்டான். பிறகு மெதுவாகக் குனிந்துகொண்டான்.

பலகை இடுக்கிலிருந்து மெல்லிய தூசு இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்து வந்து பெட்டியின் கறுப்பு மூடிமேல் படிந்தது. சுவக்கின் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தான். மேலே அவர்கள் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.