மாரும் கஜமும்

ரோஸ் தன் கணவனின் வலக்கையைப் பிடித்தாள். அவள் தம்பியின் மனைவி சரசம்மா இடக்கையைப் பிடித்தாள். இரண்டையும் தாசையனின் நெஞ்சின்மேல் சேர்த்து வைத்துவிட்டு விட்டதும், மெல்ல மறுபடி விரிந்தன. விடியலில் உயிர் போனபோது இருந்தபடியே, எதையோ அளப்பவனைப்போல.

"இப்பிடின்னா பெட்டியில கொள்ளாதே, மைனி."

"துணியால கெட்டுவோம். நீ விடாம பிடி."

குனிந்த சரசம்மாவின் கழுத்தில் தாலி ஆடியது. ஆனி மாதம் வலியதுறையில் சரக்கு வள்ளம் கவிழ்ந்து அவள் கணவன் நேசையன் காணாமல் போனான். அந்த வாரமே சர்க்காரின் இழுவலைப் படகு கடலடியைப் பட்டை பட்டையாக வாரியது. வள்ளத்தின் பலகைகூட அகப்படவில்லை. "மக்களே, ஒரு சாண் விடல்ல. அவன் இந்தக் கடல்ல இல்ல" என்று வந்து சொன்னவன், அந்தப் படகில் அளவெடுக்கும் தாசையன்தான். ஏதாவது கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று ஆறு மாதமாக அவள் காத்திருக்கிறாள். மரண ஜெபம் பண்ண வந்த போதகரைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வலை அடியில் எவ்வளவு விரிந்து போகிறது என்று யாரும் கண்ணால் பார்க்க முடியாது. படகின் பின்னால் இறங்கும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு கஜம் தள்ளி மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது அளவில் கூடியிருப்பதை, கயிறு எத்தனை கஜம் நீளமோ அத்தனையால் பெருக்கினால் வலையின் அகலம். அந்த அகலம் தள்ளி அடுத்த பட்டையை இழுப்பார்கள்.

இன்று விடியலில், காய்ச்சலில் கிடந்தவன் திடீரென்று கைகளை விரித்தான்.

"எட்டி ரோஸ், தெற்றிப்போச்சு. காயிதத்துல கஜம்னு போட்டிருந்து. நான் மீன்காரனுவள மாதிரி கைய விரிச்சு, ஒரு கஜத்துக்குப் பதிலா ஒரு மார் தள்ளி அளந்துட்டேன். ஒரு மார்னா ரெண்டு கஜம்லா?"

"சாவக் கெடக்கயிலயும் ஆபீஸ் கணக்கா? கஞ்சியக் குடியுங்க."

"அகலம் பாதிதாண்டி. ஒரு பட்டை வாரியிருக்கோம், ஒரு பட்டை விட்டிருக்கோம். சரசம்மாட்ட சொல்லீரு."

அதன் பிறகு கை தாழவில்லை.

ரோஸ் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். பெட்டியோடு அதையும் மண்ணுக்குள் வைத்துவிடலாம்.

"அண்ணன் கடைசியா ஏதும் பறஞ்சாவளா, மைனி?"

ரோஸ் அந்தத் தாலியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். மாரை, கஜத்தை, விட்டுப்போன பட்டைகளை.

சரசம்மா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அவியளுக்கு ரெண்டு பக்கமும் வலை போயிருக்கு. அவியளுக்கு அது கேட்டிருக்குமோ?"

பிணத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த சரசம்மா, இன்னோர் ஆளைக் கிடத்துகிற அளவு இடம் விட்டுப் பாயில் நகர்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கெல்லாம் துக்கத்துக்கு வந்தவர்களால் அறை நிறைந்துவிட்டது. வாசலில்கூட நின்றார்கள். அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை.