ரவுடிக்கும் புது ஊர்

போன தடவை வாங்கிவந்த மீனை, தொட்டியில் விட்ட அன்றே ரவுடி துரத்தித் துரத்திக் கொன்றுவிட்டது. மூலைக் கல்லிடுக்கைத் தன் சொத்தாக்கிக்கொண்ட பழைய மீனுக்குத்தான் வீட்டில் அந்தப் பெயர். இன்று புது மீன் பையோடு தண்ணீரில் மிதக்க, தங்கை பையின் முடிச்சை அவிழ்க்காமல் நின்றாள்.

"பையைக் கவுத்துட்டு சாப்பிட வாடி," என்றான் அண்ணன்.

"பயமா இருக்குண்ணா. இதுவும் செத்துட்டா இனி மீனே வளக்க மாட்டேன்."

"அப்போ கடையிலயே திருப்பிக் குடுத்துடு."

"மாட்டேன்."

தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக் கற்களையெல்லாம் இடம் மாற்றினாள். ரவுடியின் மூலை வெறும் மணலானது.

"என்னடி, ஊரையே கலைக்கிற?"

"அதுக்கும் இது புது ஊரா இருக்கட்டும். அப்புறம் யாரு யாரை வெரட்டுறது?"

பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்தாள். பிறகு தொட்டி விளக்கை அணைத்து, மீனை மட்டும் வலையில் அள்ளி விட்டாள்.

கூடத்து வெளிச்சத்தில் ரவுடி புது மீனை நோக்கி வந்தது. அவள் வலையை மறுபடி கையில் எடுத்தாள். அது புது மீனைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய், தன் கல்லிடுக்கைத் தேடி அலைந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீ சாப்புடுண்ணா. நான் இங்கயே இருக்கேன்."