ஓடு இல்லாத நத்தை

கியோத்தோவில் செய்ஜூரோவின் சித்திரக்கூடத்திலிருந்து வெளியே போன தேரை, வெட்டுக்கிளி, பூசணிப்பூ அத்தனையையும் பதினெட்டு வருஷமாக வரைந்தவள் ஒகினு. படத்தில் விழுகிற சதுர முத்திரை மட்டும் முதலாளியுடையது. முன்பு செய்ஜூரோவின் அப்பா குத்தினார், அவர் போனபின் மகன் குத்துகிறான். அவன் தூரிகை பிடித்தால் தேரைகூடச் சேப்பங்கிழங்காகிவிடும். ஆனால் முத்திரை குத்துவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒகினுவுக்குப் பொறுத்தது போதும் என்றாகிவிட்டது. ஒரு படமாவது அவளுடையதாக வெளியே போகவேண்டும். இலைக்கடியில் மழைக்கு ஒதுங்கிய தேரை ஒன்றைக் கறுப்பு மையில் ஒரே மூச்சில் வரைந்தாள். முத்திரைக்கென்று எப்போதும் விடுகிற கீழ் இடது மூலையில் ஒரு நத்தையைப் போட்டாள்.

படத்தை வாங்க மடத்துத் துறவி வந்திருந்தார். வாங்குகிறவர் கண்ணெதிரில் முத்திரை குத்துவது அந்தக் கூடத்து வழக்கம். செய்ஜூரோ சிவப்பு மைச்சிமிழைத் திறந்தான். படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்க ஒகினுவின் பக்கம் திரும்பினான்.

"என்ன இது, நான் குத்துற எடத்துல நத்தை உக்காந்திருக்கு?"

"மழைங்க. கெடச்ச எடத்துல ஒதுங்கிடுச்சு."

"முதுகுல ஓடே இல்ல! வட்டமா வெள்ளை விட்டிருக்க. மறந்துட்டியா?"

"மறக்கலைங்க."

"சரி, அந்த வெள்ளையிலயே குத்திட்டாப் போச்சு."

துறவி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சதுரமா ஓடு வெச்ச நத்தைய நான் பாத்ததில்லையேப்பா."

அவன் மேல் மூலைக்குக் கையைக் கொண்டுபோனான். அங்கே குத்தினால் படம் கெட்டுத் தேரை செத்துவிடும். வரையத்தான் வராதே தவிர அவனும் சித்திரக்காரன் மகன், அது தெரிந்தது. கை அந்தரத்தில் நின்றது.

ஒகினு சிமிழைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரலை மையில் தோய்த்து நத்தையின் முதுகில் அழுத்தினாள். விரல்ரேகை சுழிசுழியாக, சிவப்பாக, ஓடாகிவிட்டது.

"வேலைக்காரி ரேகை வெச்ச படத்த எவன் சுவத்துல மாட்டுவான்? வெளிய போ!"

"போறேங்க. அடுத்த மாசத்துக்குப் பத்துத் தேரை கேட்டிருக்காங்க, நீங்களே வரைஞ்சுடுங்க. பாக்கக் கெழங்கு மாதிரி இருக்கும். என்ன, வேகவெச்சுத் தின்னத்தான் முடியாது."

துறவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மை காயட்டும், எடுத்துட்டுப் போறேன். உன் பேரு என்னம்மா?"

"ஒகினு."

பதினெட்டு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டாள். கையைக் கழுவவில்லை. சிவந்த விரலோடுதான் வாசலைத் தாண்டினாள்.